படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட சுப்பையா

இனிமேல் பகலில் தூங்கியே தீருவது என்று சுப்பையா சபதம் எடுத்தார்.

ஊரின் மறுகோடியில், கராடியில், ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு அவர் இரவுக் காவல். விடிய விடிய ஊரார் நாற்காலிகளைக் காத்துவிட்டு, போபோடியில் இருக்கும் வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்தால் மனைவி பட்டு ஆரம்பிப்பாள்.

"ஏங்க, குழாய்ல பானி வந்துருச்சு, ரெண்டு குடம் பிடிங்க."

"ஏங்க, கேஸ்காரன் சிலிண்டரோட வர்றானா பாருங்க. சும்மாதானே படுத்திருக்கீங்க."

"ஏங்க, தூங்கிட்டீங்களா?"

இந்தக் கடைசிக் கேள்விக்காக மட்டுமே அவள் அவரைப் பல தடவை எழுப்பியிருக்கிறாள்.

படுத்திருப்பவன் சும்மா இருப்பவன். புத்தகம் பிடித்திருப்பவன் அப்படியல்ல. இந்த ஞானம் வந்த அன்றே பழைய பேப்பர் கடையில் ஒரு இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் பொறுக்கி வந்தார்.

"சூப்பர்வைசர் பரீட்சை வருது பட்டு. இங்கிலீஷ் படிக்கணும்."

வீடே கோயிலாகிவிட்டது. பட்டு குக்கரைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப்போய் விசில் விட்டுக்கொண்டு வந்தாள். சுப்பையா சுவரில் சாய்ந்து, நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, முகத்தை மறைத்துக்கொண்டு, மூன்று வாரம் சொர்க்கத்தில் இருந்தார்.

நான்காவது வாரம் பக்கத்து வீட்டு செல்வமேரி, பத்தாம் வகுப்பு மகள் தீபாவோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இவளுக்கு நாளைக்கு டெஸ்ட். ஒரே ஒரு பாடம். நீங்க அதைத்தான் கரைச்சுக் குடிக்கிறீங்களாமே, பட்டக்கா சொன்னாங்க."

"எந்தப் பாடம்?"

பட்டு புத்தகத்தைக் கீழே வைத்தாள். அது தானாகவே, அவர் தினமும் முகத்துக்கு நேராகப் பிடிக்கும் அந்த நடுப்பக்கத்தில் திறந்துகொண்டது.

சுப்பையா முதல் தடவையாக அதைப் படித்தார். 'பீப்பிள் சே தட் ஹீ இஸ் ரிச்.' கீழே, 'ஹீ இஸ் செட் டு பி ரிச்.' மேலே இருந்த ஜனங்களைக் கீழே காணோம். எங்கே போனார்கள்? பணக்காரன் என்று சொன்னவன் யார்? சொன்னவன் ஓடிவிட்டால் அதை எப்படி நம்புவது? அவருக்குத் தலை சுற்றியது.

சரி, குழப்புகிற குழப்பில் இந்தப் பெண் தாபோடிப் பாலம் தாண்டி ஓட வேண்டும். அப்புறம் நிம்மதியாகத் தூங்கலாம்.

"இது ஒரு ஆபீஸ் கேட்டுன்னு வச்சுக்க. வாசல்ல பீப்பிள்னு ஒரு கும்பல். வாட்ச்மேன் வந்து மொத்தக் கும்பலையும் துரத்திட்டான்."

"அரே! அப்புறம் அங்கிள்?"

"உள்ளே பதுங்கியிருந்த 'ஹீ' வாசலுக்கு வந்துட்டான். அவன் கூட இருந்த 'இஸ்' பழைய சட்டையோட வரக் கூடாது. 'டு பி'ன்னு மாத்திக்கிட்டு வரணும்."

"முன்னாடியே நடந்து முடிஞ்ச விஷயமா இருந்தா?"

"நைட் டூட்டி முடிச்சவன் தனியா நடந்தா விழுந்துடுவான். 'டு'வுக்குப் பின்னாடி 'ஹாவ்'னு ஒருத்தனைத் துணைக்கு அனுப்பு."

தீபா வாயைப் பிளந்தாள். 'ஒழிந்தது' என்று சுப்பையா தலையணையைப் பார்த்தார்.

"அச்சா! இவ்வளவுதானா? எங்க மிஸ்ஸுக்கு இப்படிச் சொல்லவே தெரியல அங்கிள்!"

அந்தப் பெண்ணுக்கு முழு மார்க். மறுநாள் வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே தீபா, ஜமீலா, இன்னும் பெயர் தெரியாத ஒரு பட்டாளம். தான் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்பது மட்டும் சுப்பையாவுக்கு இன்னும் புரியவில்லை.

பட்டுவைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சரணடைந்தார்.

"பரீட்சையும் இல்ல, மண்ணும் இல்ல பட்டு. தூங்கத்தான் புத்தகத்தைப் பிடிச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேருந்து?"

"முதல் வாரமே. அந்த ஒரு பக்கத்தைத் தவிர மத்ததெல்லாம் உங்க எச்சில்ல ஒட்டிக் கிடக்கு."

"அப்புறம் ஏன் புள்ளைங்களைக் கூட்டியாந்தே?"

"செல்வமேரி நமக்கும் சேர்த்து பானி பிடிச்சுடறா. ஜமீலாவோட அம்மா கேஸ்காரனைப் பார்த்துக்கறாங்க. மார்க்கெட்டுக்கும் ஆள் இருக்கு."

"அப்போ உனக்கு என்ன வேலை?"

பட்டு கொட்டாவி விட்டாள். போகிற போக்கில் அவருடைய தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுப்பையா வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "பீப்பிள் சே தட்..." என்று உரக்கத் தொடங்கினார்.

தீபா உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா அங்கிள். ஆன்ட்டி தூங்கறாங்க."