துரை தின்ற கேக்

பொய் சொல்லிச் சொல்லியே தையல்காரருக்கு அலுத்துப் போயிருந்தது. சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் அவருக்கு வேகவைத்த காய்தான். இரண்டு மாதமாக ஜாம், பிஸ்கட், மிட்டாய் என்று எது காணாமல் போனாலும் பழியைத் துரையின் தலையில் போட்டுவந்தார். துரை அவர் வீட்டு நாய். மறுத்துப் பேசாது.

அன்று மத்தியானம் மனைவி சமையலறையிலிருந்து கத்தினாள்.

“ஏங்க, பாதி கேக்கைக் காணோம்!”

அவர் வெட்டிப் போட்ட சட்டைக் கையை நகர்த்திவிட்டு, கட்டைவிரலை ஒரு லைனிங் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“துரைதான். வேற யாரு?”

“ஐயையோ! நாய்க்கு மனுஷ சாப்பாடே ஆகாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. அது சாக்லேட் கேக்குங்க!”

“அதுக்கென்ன?”

“நமக்குத்தான் தின்பண்டம். அவனுக்கு விஷம்! கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு.”

“இப்பவா? மூணு மணிக்கு ஒரு சட்டை கொடுக்கணும்...”

“சட்டை முக்கியமா, அவன் உசுரு முக்கியமா?”

வண்டியில் துரை அவர் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

“ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பாங்களாம். அப்புறம் ரெண்டு நாள் பட்டினியாம்.”

“ரெண்டு நாளா?”

“பின்னே? தின்னவன்தானே அனுபவிக்கணும்?”

அவருக்கு நெஞ்சை அடைத்தது. பாதி கேக்கினால், பாதி குற்ற உணர்ச்சியினால். செருப்பைக் கடித்தால்கூடத் திருதிருவென்று முழித்து உடனே மாட்டிக்கொள்கிற நாய் அது. அந்த நேர்மைகூடத் தனக்கு இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

கால்நடை டாக்டர் துரையை மேஜைமேல் ஏற்றினார். ஊசியில் மருந்தை ஏற்றினார். துரை தையல்காரரைப் பார்த்து வாலை ஆட்டியது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

“நிறுத்துங்க டாக்டர்! கேக்கைத் தின்னது நான்தான். ஜாமும் நான்தான். பிஸ்கட், மிட்டாய் எல்லாம் நான்தான். வாந்தி எடுக்க வைக்கணும்னா என்னை எடுக்க வைங்க!”

டாக்டர் ஊசியும் கையுமாக விழித்தார்.

“என்ன சார் சொல்றீங்க? இது வருஷா வருஷம் போடற தடுப்பூசி. உங்க வீட்டம்மா காலைல பத்து மணிக்கே போன் பண்ணி நேரம் வாங்கிட்டாங்களே!”

தையல்காரர் மெல்லத் திரும்பினார். மனைவியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“நீ கடைக்குப் போய் கேக் வாங்கிட்டு வந்ததே பதினொரு மணிக்குத்தானே?”

“ஆமா. டாக்டர் நேரம் கொடுத்தப்புறம்தானே வாங்க முடியும்?”