அனுபவஸ்தன் சொன்னபடி

திரை மறுபடியும் கறுத்துப்போய், மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கன்னத்தில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரை இயக்கும் ஓ.எஸ்.களில் விண்டோஸ் போட்டாயிற்று. லினக்ஸ் போட்டாயிற்று. இரண்டுமே கையை விரித்துவிட்டன.

ஊராருக்குக் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி விற்கிறவருக்குக் கிரிப்டோ நாணயத்தைப் பற்றி என்ன தெரியும் என்றால், ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டர் விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் கூலியாக நாணயம் சேரும், அதற்கு மைனிங் என்று பெயர் என்பதுவரை தெரியும். அது உழைக்கும், நாம் தூங்கலாம். இப்படி ஒரு தொழிலைத்தான் அவர் பிறந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்.

இரும்புச் சட்டத்தில் நாலு கிராபிக்ஸ் கார்டும் வரிசையாக விசிறிகளுமாக மெஷின் வந்து இறங்கியது. வீட்டில் கூடுதலாக இருந்தது ஒரே ஒரு அறை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்த மாமியார் அதில் இருந்தார். மெஷினுக்குக் காற்றோட்டம் வேண்டுமாம். மாமியாரின் கட்டில் கூடத்துக்கு வந்தது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குத் தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை. நாளெல்லாம் ஊர்ப் புலம்பலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்குத் தானும் புலம்பத் தெம்பிருக்காது என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

முதல் நாள் விண்டோஸில் ஓடியது. விமானம் கிளம்புகிற மாதிரிச் சத்தம். டிவியில் செய்தி வாசித்தவர் வாயை மட்டும் அசைத்தார். சுவரில் சட்டையை இஸ்திரி போட்டுவிடலாம், அப்படி ஒரு சூடு. மாமியார் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். மறுநாள் காலையில் விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தது.

பட்டப்பெயரில் மட்டும் பேசிக்கொள்ளும் ஓர் இணையக் குழுவில் அவர் முறையிட்டார். பாதிப்பேர் விண்டோஸைத் திட்டினார்கள், மீதிப்பேர் அவரைத் திட்டினார்கள். அந்தச் சந்தை இரைச்சலில் ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினார். அன்றுதான் குழுவில் சேர்ந்தவர். பட்டப்பெயர், அனுபவஸ்தன்.

"உங்கள் சிரமம் புரிகிறது. பொறுமைக்கு நன்றி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் பாருங்கள்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிய மனைவிகூட இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. அந்தப் பதிலைக் கொண்டுபோய் அவளிடமே காட்டினார்.

"பெரிய மனுஷர்தான் போலிருக்கு. அவர் சொல்றபடியே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் நறுக்கப் போனாள்.

லினக்ஸ் வந்தது. நாலு கார்டில் ஒன்றுதான் அதன் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கும் கண்ணாடி போடாத குறையாக முட்டி மோதி, இரண்டாவது கார்டையும் எழுப்பிவிட்டார். விசிறிகள் லேசாக உறும ஆரம்பித்தன. பெருமை தாங்காமல் குழுவில் எழுதினார். அனுபவஸ்தனிடமிருந்து உடனே பதில் வந்தது: உங்களைப் போன்ற திறமைசாலி இரண்டு கார்டோடு திருப்திப்படலாமா? அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

திறமைசாலி என்று அவரை யாரும் அதுவரை சொன்னதில்லை. அழித்தார். மறுபடி போட்டார். அதன் பலன்தான் இந்தக் கறுப்புத் திரை.

மைனிங்குக்கென்றே தனி ஓ.எஸ். ஒன்று இருப்பதாக அனுபவஸ்தன் எங்கோ படித்துச் சொன்னார். பென்டிரைவில் ஏற்றிச் செருகினால் போதுமாம். கண்ணாடிக்காரர் கடைக் கம்ப்யூட்டரில் வைத்து அதைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டு, பென்டிரைவைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் கடைக் கம்ப்யூட்டரைப் போட்டதும், 'எல்லாவற்றையும் அழிக்கலாமா?' என்று அது கேட்டது. இத்தனை நாள் பழகிய கை, தானாக 'ஆம்' என்று அழுத்திவிட்டது.

வாடிக்கையாளர் அத்தனை பேரின் கண் விவரமும் போயிற்று. ஒவ்வொருவராக வரவழைத்து முதலிலிருந்து சோதிக்க வேண்டியதாயிற்று. சோதனை நாற்காலியில் உட்கார்ந்த ஒரு டாக்ஸி ஓட்டுநர், லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டும் தடுமாறினார்.

"இது தெளிவா, அதுவா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. முன்னாடி போட்டீங்களே, அதை இன்னொரு தடவை போடுங்களேன்."

"ரெண்டுல ஒண்ணைச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா? மனுஷன்னா சட்டுனு ஒரு முடிவு எடுக்கணும் சார்" என்றார், சட்டைப்பையில் அந்தப் பென்டிரைவோடு.

அன்று மாலை அனுபவஸ்தனிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பதிலில் கனிவு சொட்டியது. நீங்கள் களைத்திருக்கிறீர்கள், கார்டுகளும் களைத்திருக்கும். எதைப் போடுவது என்று நிதானமாக யோசியுங்கள். முடிவாகும்வரை மெஷினைத் துணி சுற்றிப் பரண்மேல் வையுங்கள். அறை சும்மாதானே கிடக்கப்போகிறது, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள்.

ஒரு மூன்றாம் மனிதருக்கு இவ்வளவு அக்கறையா என்று அவர் நெகிழ்ந்துபோனார். மெஷின் பரணேறியது. கட்டில் அறைக்குத் திரும்பியது. மாமியார் மறுநாள் மதியம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

இப்பேர்ப்பட்டவரை நேரில் பார்க்காமல் விடக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியிடம்கூடச் சொல்லாமல், கூடத்தில் உட்கார்ந்து எழுதினார். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவேண்டும், என் மனைவியின் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கீழே வீட்டு விலாசத்தையும் எழுதி அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

சாப்பாட்டு மேஜைமேல் கிடந்த மனைவியின் செல்போன் சிணுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் அதை எடுத்து, நிதானமாகப் படித்துவிட்டு, பால்கனிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"யாரோ உன்னை ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்கடி. விலாசத்தைப் பாத்தா நம்ம வீடு மாதிரியே இருக்கு."