நாக்கை நீட்டுங்க சாமி

பெருமாளைப் பார்க்க நடந்து போய்க்கொண்டிருந்த இருபத்து மூன்று பேரை, சித்தூருக்கு முன்னால் நடுரோட்டில் மறித்து, நாக்கை நீட்டச் சொன்னவன் நான். நீட்டினார்கள். எனக்கு இன்றுவரை ஆச்சரியம் அதுதான்.

என்னோடு படித்தவர்களெல்லாம் கம்ப்யூட்டரைத் தேடி பெங்களூருக்கும், கம்பெனி வேலையைத் தேடி சென்னைக்கும் ஓடிய காலம். நாடு கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்தக் கதவு வழியாகக் கொசுவும் வரும் என்று ஒரு புண்ணியவான் யோசித்ததால் எனக்கு வேலை கிடைத்தது. திருப்பதியில் ஒரு சின்ன ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிக உதவியாளர். (வீட்டில் ‘சயின்டிஸ்டு’ என்று சொல்லி வைத்திருந்தேன்.)

திட்டம் எளிது. கொசு ரத்தத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை. முட்டையிடப் பெண் கொசுவுக்கு ரத்தம் வேண்டும். மற்றபடி ஆணும் பெண்ணும் பூந்தேன், பழச்சாறு என்று இனிப்புக்கு அலைகிறவைதான். இனிப்பில் விஷம் கலந்து புதரில் தெளித்தால் குடித்துச் சாகும். முதல் கட்டத்தில் விஷமில்லாமல் சாயம் மட்டும். பிடித்த கொசுவின் வயிற்றில் சாயம் தெரிந்தால் குடித்திருக்கிறது என்று பொருள்.

தெளிப்பானால் தெளி என்றுதான் ஆபீசர் சொன்னார். என் மேதைமைக்கு அது போதவில்லை. சித்தூர்ப் பக்கம் எங்கள் ஊரான குடிபாலாவில், எங்கள் நிலத்தையொட்டிய ரோட்டோரப் புங்கமரத்தடியில் ஒரு புதுப்பானை வைத்தேன். வெல்லக் கரைசல், மாம்பழக் கூழ், பச்சைச் சாயம். கொசு உட்காரத் தோதாக நாலு வேப்பிலை. சூடேறாமலிருக்கச் சுற்றிலும் ஈரத்துணி. கொசுக்கள் எவ்வளவு குடித்தன என்று அளக்க, கயிற்றில் கட்டிய ஒரு டம்ளர். பத்தடி தள்ளி, கதவில்லாத பம்ப்செட் கொட்டகையில் இன்னொரு பானை. அதில் சிவப்புச் சாயம். கூடவே விஷத்துக்கு, கேரம் போர்டில் தூவுவோமே, அந்த போரிக் பவுடர், தாராளமாக. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிலும் ‘விஷம், தொடாதே’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டினேன். ஈரத்துணியின் மேல் ஒட்டினேன். (பட்டதாரி.)

அது புரட்டாசி. வேலூர்ப் பக்கமிருந்து திருமலைக்கு நடப்பவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். வழியில் யாராவது பானகம் வைத்திருப்பார்கள். நிழல், புதுப்பானை, வேப்பிலை, டம்ளர். அவ்வளவு லட்சணமான தண்ணீர்ப் பந்தலை நான் வேண்டுமென்றே வைத்திருந்தால்கூட வைத்திருக்க முடியாது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். இரண்டு பானையும் காலி.

எதிர்ப் பெட்டிக்கடை செல்லம்மாக்கா சொன்னாள்: “கோயிந்தா கூட்டம் வந்துது. மொண்டு மொண்டு குடிச்சாங்க. வச்சவன் வம்சம் நல்லா இருக்கணும்னு சொல்லிக்கினே போனாங்க.”

“எந்தப் பானைக்கா?”

“நான் இன்னா பானைக்கா காவல் கீறேன்?”

சைக்கிளை மிதித்தேன். என் வம்சம் சித்தூர் சப்-ஜெயிலில் நல்லா இருப்பது கண்ணில் தெரிந்தது. அரைமணி நேரத்தில் மஞ்சள் வேட்டிகள் தென்பட்டன. எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள், யாரும் விழவில்லை. விஷம் என்று சொன்னால் பயத்திலேயே பாதிப் பேர் போய்விடுவார்கள்.

“சாமி, எல்லாரும் கொஞ்சம் நாக்கை நீட்டுங்க.”

குழுவை நடத்தி வந்த குருசாமி முறைத்தார். “எதுக்கு?”

“வேண்டுதல்” என்றேன்.

எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு மேல் மறுகேள்வி கிடையாது. வரிசையாக நின்று நீட்டினார்கள். பச்சை. பச்சை. பச்சை. ஒருவர் கண்ணைமூடி, கைகூப்பிக்கொண்டு நீட்டினார். இருபத்திரண்டு பச்சை. கடைசியாகக் குருசாமி நீட்டினார்.

சிவப்பு.

“சாமி, வயிறு கியிறு வலிக்குதா?”

“இல்லியே.”

“தலை சுத்துதா?”

“உன்னைப் பார்த்தா சுத்துது” என்றவர், இடுப்புப் பையிலிருந்து வெற்றிலை எடுத்தார். “காலையிலேர்ந்து இது நாலாவது. ஒண்ணு போடுறியா?”

அப்படியென்றால் சிவப்புப் பானையைக் குடித்தது யார்? திரும்பி வந்தபோது நைனா, என் அப்பா, கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“பசு மோந்துகினு இருந்துது. குழி தோண்டி ஊத்தி மூடிட்டேன். காலையில நீ மாவு மாவா கொட்டிக் கலக்குனதைத்தான் பார்த்தனே. வெசத்தைக் கதவில்லாத எடத்துல வைக்கவா பதினஞ்சு வருசம் படிச்சே?”

திருப்பதியில் ஆபீசர் கேட்டார்: “தோமலு தாகாயா?” கொசுக்கள் குடித்தனவா என்று.

“லேது சார். பக்துலு தாகாரு” என்றேன். இல்லை, பக்தர்கள் குடித்தார்கள். அந்த மாதத்தோடு என் விஞ்ஞானம் முடிந்தது.

இன்றும் என் வீட்டில் விருந்தாளிக்கு ஜூஸ் கொடுத்தால், என் மனைவி சிரிக்காமல், “குடிச்சிட்டு இவருகிட்ட நாக்கைக் காட்டிட்டுப் போங்க” என்பாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்த புரட்டாசியில் அதே குருசாமி வீடு தேடி வந்தார்.

“போன வருசம் பச்சையா ஒண்ணு வச்சிருந்தியே தம்பி, இந்த வருசம் இல்லியா? நல்ல ருசி. ஒரே குறைதான். என் டம்ளர்ல ஒரு கொசு செத்து மெதந்துகினு இருந்துது.”