முனியன் கேஸ் பாட்டில்

"ஏட்டய்யா, சீல் சரியா வுழல. எடுத்துகினு போங்க."

தடயவியல் லேப் குமாஸ்தா வரதன் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளினார். ஏட்டு கங்காதரனுக்குக் கோபம்கூட வரவில்லை. உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் பாட்டிலும் மூட்டையும். தேங்கிக் கிடக்கிற கேஸ்களைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. வருகிறதில் எல்லாம் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது வரதனின் வழி.

பொட்டலத்தில் இருந்தது ஒரு சாராய பாட்டில். குமணன்சாவடி முனியனிடம் பிடித்ததாகக் கேஸ். ரிப்போர்ட் வரும்வரை தினம் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜாமீன். ரெண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தான். அம்பத்தூர் கம்பெனிக்கு தினம் லேட்டாகப் போய் வேலையே போய்விடும் போலிருந்தது. எப்போது முடியும் என்று அவன் கேட்டால் கங்காதரன் மின்விசிறியைப் பார்ப்பார். அடுத்த வாய்தாவுக்கு ரிப்போர்ட் இல்லாவிட்டால் அவரையே கூண்டில் ஏற்றுவதாக மாஜிஸ்ட்ரேட் வேறு சொல்லியிருந்தார்.

அரக்கு உருக்கி மறுபடி சீல் வைத்தார். அதற்குள் ஸ்டேஷனுக்குப் புது சீல் வந்திருந்தது. கூட வைத்த கோர்ட் கடிதத்தில் இருந்த மாதிரி முத்திரையோ பழசு. திருப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்கு அலைந்து புதுக் கடிதம் வாங்கி, இந்தத் தடவை விடக்கூடாதென்று அரக்கைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். பாட்டில் விரிசல் விட்டது, லேபுக்குப் போகிற பஸ் வேலப்பன்சாவடி தாண்டும்போதுதான் தெரிந்தது. மடியெல்லாம் ஈரம். பஸ்ஸெல்லாம் வாடை.

"இன்னா நைனா, யூனிபார்ம்லயேவா?" என்றார் கண்டக்டர்.

"யோவ், இது கேஸ் சரக்குய்யா."

"அல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. எறங்கிக்கோங்க, பொம்பளைங்க கீறாங்க."

அடுத்த பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லை.

வரதன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் ஈரம்தான் மிச்சம். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய், 'சோதிக்கப் போதுமான பொருள் இல்லை' என்று எழுதி அப்போதே லேப் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வந்துவிட்டார். ஒரு கேஸ் குறைந்ததே.

வாய்தா அன்று கேஸ் தள்ளுபடியானது. மாஜிஸ்ட்ரேட் கங்காதரனை முறைத்ததோடு சரி. முனியன் ஏட்டைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு பஸ் பிடிக்க ஓடினான். அவன் பெண்சாதி தாயம்மா மட்டும் கோர்ட் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, அதான் உட்டுட்டாங்களே. இனிமே ஸ்டேஷன் பக்கமே அவன் வரத் தேவயில்ல."

"அதாங்கய்யா பயமா கீது. காலீல ஒங்க மொகத்துல முழிக்கணுமேன்னுதான் ரெண்டு வருசமா அது ராவுல குடிக்காம ஊட்டுக்கு வந்துச்சு. வேற எதுனா கேஸ் போட்டு, அதே லேபுக்கு அனுப்பிடுங்கய்யா."