ஏசுவதற்கு ஓர் ஆள்

மனிதனுக்குச் சோறு, துணி, தூக்கம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வேண்டியது வசவு என்ற பேருண்மை, திருப்பாலைக்குடிக் கடற்கரையில் இடி மாமாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு காலைப்பொழுதில் எனக்குப் புலப்பட்டது.

இடி மாமா மீன் ஏலம் கூறுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்டறிய யாருக்கும் துணிச்சல் இல்லை. இந்தக் கரையில் அவர் ‘ஒரு தரம்’ என்றால், கடலுக்கு அப்பால் இலங்கையில் ஒருவன் விலை கேட்டுவிடுவான் என்பது ஊர் நம்பிக்கை.

ஆனால் ஏலம் அவருக்குப் பிழைப்பு, ஏசுவதுதான் ஊழியம். கரையேறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வசவு உண்டு, வலையில் மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

“ஏலே சூசை! இம்புட்டு நேரமா அங்கன என்னலே செஞ்ச? மீனுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்துக்கிட்டு இருந்தியா?”

“காத்து இல்ல மாமா.”

“காத்து இல்லேன்னா ஊதவேண்டியதுதானலே! வாய் எதுக்கு இருக்கு?”

நான் குமாஸ்தாவாக இருக்கும் மீன் உப்பிடும் கொட்டகையைப் பார்வையிட ராமநாதபுரத்திலிருந்து வந்த அதிகாரியையும் அவர் விட்டுவைக்கவில்லை. “பஸ் எப்பவோ வந்திருச்சு. இம்புட்டு நேரம் எங்கனய்யா சுத்துன? நீ வார வரைக்கும் மீன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்குமா?” அதிகாரியின் முகம் வேகவைத்த நண்டாகச் சிவந்தது. இறந்தவருக்கு ஓதுவதுபோல என் வேலைக்கு அன்றே மனத்துக்குள் பாத்தியா ஓதிவிட்டேன்.

அடுத்த முறை அதே அதிகாரி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கொட்டகைக்கு வரவில்லை. நேரே கடற்கரைக்குப் போய் மாமாவின் முன்னால் நின்றார். மனைவி மக்களைச் சென்னையில் விட்டுவிட்டு ஓட்டல் சோற்றில் காலம் தள்ளுகிறவர். வேண்டிய வசவை வாங்கிக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்போலப் பளிச்சென்று திரும்பினார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தொண்டை கட்டிய அன்றுதான் உறைத்தது. அன்று ஏலத்தை வேறொருவர் கூற, மாமா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சூசை கரையேறினான். வந்து நின்றான். ஒன்றும் வரவில்லை. வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி நின்றான்.

“மாமா, நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா? ஒண்ணுமே ஏசலையே?” என்றான்.

சூசைக்கு வீட்டில் யாரும் இல்லை. நேரமாகிவிட்டது என்று ஒருவனை ஏசவேண்டுமானால், அதுவரைக்கும் யாரோ ஒருவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கவேண்டும் அல்லவா? அந்த யாரோ, அவனுக்கு இந்த உலகத்தில் இடி மாமா மட்டும்தான்.

மதுரையில் பி.ஏ. படித்தபோது மனத்தைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை உருட்டியிருக்கிறேன். மனம் நலமாயிருக்கப் பாதுகாப்பு வேண்டும், பாசம் வேண்டும், மதிப்பு வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. வசவைக் காணோம். அச்சுக் கோத்தவர் விட்டிருக்கவேண்டும். மாமாவுக்குத் தொண்டை திறந்ததும் ஓடிப்போய், “மாமா, நீங்கள் செய்வது மனநலத் தொண்டு!” என்றேன்.

“ஏலே பி.ஏ.! வாய் அரிக்கிது, ஏசுறேன். தொண்டாம்ல தொண்டு! போயி உப்பு மூட்டைய மூடு. ஈரம் அடிக்கிது.”

நாள் முழுக்க எனக்கு ஒரே உற்சாகம்.

ஊரை ஏசுகிறவரை ஏச ஒருவர் இருந்தார். மாமி. அவர் முகத்தை ஊர் பார்த்ததில்லை. குரலைக் கேட்காதவர் ஊரில் இல்லை. நண்பகல் தாண்டினால் கரையோரத்து வீட்டு மதிலுக்குப் பின்னாலிருந்து அது கிளம்பும்.

“ஊருக்கு ஏலம் விட்டது போதும்! சோறு, ஆணம் எல்லாம் ஆறிப்போச்சு. மீனோட மீனா அங்கனயே காயிறதா உத்தேசமா?”

கரையே சிரிக்கும். மாமா செருப்பைத் துழாவிக்கொண்டே, “என்னயத் தேடுறா” என்பார், சர்க்கார் பட்டம் வாங்கியவர்போல.

போன மாதம் மாமி மவுத்தானார். மகன் பினாங்கில். துக்கக்காரரிடம் குரலை உயர்த்தக்கூடாது என்பது எங்கள் கரை மரியாதை. அன்றிலிருந்து ஊரே மாமாவிடம் பூப்போலப் பேசுகிறது. வீட்டுக்கு வீடு சோறு அனுப்புகிறார்கள், மூடியபடியே திரும்புகிறது. ‘ஒரு தரம்’ என்று அவர் சொல்வதைக் கேட்க வியாபாரிகள் காதைக் கொண்டுபோய் வைக்கவேண்டியிருக்கிறது. முந்தாநாள் தாமதமாக வந்த சூசையிடம், “வாங்க சூசை, பாத்து எறங்குங்க” என்றார். சூசை வலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

ஏலம் முடிந்ததும் கவிழ்த்த வள்ளத்தில் உட்கார்ந்து மதிலையே பார்க்கிறார். வெயில் சாயும்வரை எழுவதில்லை. நேற்றுப் பார்த்தால், மெலிந்துபோன அவர் சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது.

“இப்படியே விட்டால் மனுஷன் தங்கமாட்டார். நீ அவரை ஏசு, சூசை” என்றேன்.

“நானா? எங்க அய்யாவைக்கூட ஏசுனதில்ல. நீங்கதான் படிச்சவுக, நீங்க ஏசுங்க.”

“பி.ஏ.க்கு அதைப் பாடமாக வைக்கவில்லையே!”

ஆனாலும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். நாளை நண்பகல் தாண்டியதும் கத்தப்போகிறேன். மதிலுக்குப் பின்னாலிருந்து அல்ல. அந்த இடம் இன்னொருவருக்கு ஆகாது. கொட்டகை வாசலில் நின்று, “மாமா! இம்புட்டு நேரமா அங்கன என்ன செய்யிறிய? சோறு ஆறுது!” என்று. அதற்கு மேல் வசவு ஒன்றும் வாயில் வரமாட்டேன் என்கிறது. வருவதெல்லாம் மேடைத் தமிழாக இருக்கிறது. சூசை முரல் மீன் குழம்பு வைக்கிறான்.

மாமா எழுந்து வந்து என் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினால் என் கொள்கை வென்றது. ஏசாமல் உட்கார்ந்தே இருந்தாலும் சரி, அவர் வரும்வரை நாங்கள் இருவரும் இலையில் கை வைக்கப்போவதில்லை.