விஞ்சுக்கு மாலை போட்ட கதை

நன்றாக இருக்கும் ஓர் ஏணியை அறுக்கக் கூடாது. ஐம்பத்திரண்டு வயதில் இந்த உலகத்துக்கு நான் சொல்லக்கூடிய அறிவுரை இது ஒன்றுதான். பதினோரு அடி உயரத்தில், ஒரு விட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். அந்த நேரத்தில் எங்கள் வீட்டு ஏணி கீழே நான்கு துண்டாகக் கிடந்தது. அறுத்தவனும் நான்தான்.

எங்கள் வீடு மலேசியாவில் ரந்தாவ் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. என் மனைவி வசந்தி ஆடு வளர்க்கிறாள். இரண்டு ஆட்டில் ஆரம்பித்து, இந்தக் கதை நடந்தபோது இருபத்தாறு ஆக்கியிருந்தது முழுக்க அவள்தான். (என் பங்களிப்பு, கிடாவுக்கு மைனர் என்று பெயர் வைத்தது.) இருமல் சத்தத்தை வைத்தே எந்த ஆட்டுக்கு என்ன என்று சொல்லிவிடுவாள். மழை கொட்டும்போது கொட்டகையில் மண்டியிட்டு, தாய் வயிற்றில் மாட்டிக்கொண்ட குட்டியை வெளியே எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். டார்ச் லைட் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் மயக்கம் வந்தது.

பெரிய மழை வந்தால் எங்கள் முற்றத்தில் தண்ணீர் ஏறிவிடும். அதனால் தீவன மூட்டைகளைக் கொட்டகைக்கு மேலே உள்ள பரணில்தான் வைப்போம். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. வசந்தி அதை மூன்றாகப் பிரித்து, தோளில் வைத்து ஏணியில் ஏற்றுவாள். நீ தூக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். ஒரு முறை தூக்கினேன். ஐந்து நாள் எம்.சி. (மருத்துவ லீவு) எடுக்க வேண்டியதாயிற்று.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முழங்கால் போனது. இனி ஏணி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள், "தீபாவளிக்கு எல்லாத்தையும் வித்துடலாங்க" என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் புல் போடும்போது ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வழக்கமாக "ஏய்" என்பதோடு சரி.

"விக்க வேணாம். நான் லிஃப்ட் செஞ்சு தர்றேன்" என்றேன்.

அவள் மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தாள். நான் சரிசெய்த பிறகு அது ஒரே வேகத்தில்தான் சுற்றும், நிற்காது.

அதன் பிறகு மூன்று வாரம் போனில் வீடியோ பார்த்தேன். காட்டுப் பாதையில் மாட்டிக்கொண்ட ஜீப்பை இழுக்கிறார்களே, அந்த விஞ்ச் மேல் எனக்குக் காதல் வந்துவிட்டது. பன்னிரண்டாயிரம் பவுண்டு இழுக்குமாம். அதையே வாங்க டவுனில் உள்ள ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

"அது இழுக்குற சாமான், கிராணி. உங்களுக்கு வேண்டியது தூக்குற சாமான். இழுக்குறது கைவிட்டா வண்டி நிக்கும். தூக்குறது கைவிட்டா தலையில விழும். சரி, எவ்வளவு எடை?"

"நல்ல எடை, பாய்."

"எவ்வளவு உயரம்?"

"பரண் உயரம்."

"எத்தன தடவ தூக்குவீங்க?"

"வேணுங்கும்போதெல்லாம்."

பாய் பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுக்குப் போயி அம்மாவக் கூட்டிட்டு வாங்க லா."

மறுநாள் வசந்தி வந்தாள். கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். மூட்டை ஐம்பது, ஒரு தடவைக்கு ஒன்றுதான். தட்டுக்கும் சங்கிலிக்கும் தனி எடை. பதினோரு அடி. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஆறு தடவை. சொல்லி முடித்துவிட்டு, "பாதி வழியில கரண்டு போச்சுன்னா நிக்குமா, கீழ வந்துடுமா பாய்?" என்று கேட்டாள்.

பாய் நாற்காலியை விட்டு எழுந்தார். பதினைந்து வருஷமாக அந்தக் கடைக்குப் போகிறேன். எனக்காக அவர் எழுந்ததே இல்லை.

உள்ளே போய், ஒரு பெரிய பூசணிக்காய் அளவு இருந்த விஞ்சைக் கொண்டுவந்து வைத்தார். "எண்ணூறு கிலோன்னு போட்டிருக்கும், ஏமாந்துடாதீங்க. அது கப்பி போட்டு ரெட்டைக் கயிறா தூக்குனா. ஒத்தக் கயிறுன்னா நானூறுதான். உங்களுக்கு அதுவே தாராளம். கரண்டு போனா பிரேக் புடிச்சுக்கும். ஆறு தடவையையும் ஒரே மூச்சுல தூக்காதீங்க, நடுவுல ஆற விடுங்க." பிறகு கயிறு இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கம்பியைத் தொட்டுக் காட்டினார். "கொக்கி மேல வந்து இதத் தள்ளுனா மோட்டார் தானா நிக்கும். இதுல மட்டும் கை வைக்காதீங்க. அப்புறம், மூட்டைக்குத்தான் இது. ஆள் ஏறக்கூடாது."

வசந்தி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். ஆனால் என் காதில் நின்றது 'தானா நிக்கும்' என்பது மட்டும்தான்.

வெல்டிங் கடையில் இரும்புச் சட்டமும் தட்டும் செய்து, விஞ்சை விட்டத்தில் மாட்டினோம். வெறும் தட்டை வைத்து முப்பது தடவையாவது ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பரண் மட்டத்துக்கு வந்ததும் 'டக்' என்று தானாக நின்றது. அந்த 'டக்' சத்தத்துக்கு நான் அடிமையாகிவிட்டேன்.

ஆயுதபூஜை அன்று திறப்புவிழா. பக்கத்து ஊரான பெடாஸிலிருந்து சந்திரன் அன்றுதான் வருவதாக இருந்தது. கேட்டரிங் செய்பவன், தீபாவளிக்கு ஆடுகளை மொத்தமாக வாங்கக் கேட்டிருந்தான். "லிஃப்ட் ஓடுச்சுன்னா விக்க மாட்டேன். ஓடலன்னா லாரியில ஏத்திக்கோங்க" என்று வசந்தி அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். அவன் லாரியோடு வந்தான்.

காலையிலேயே குளித்து, வேட்டி கட்டி, ஏணியில் ஏறி விஞ்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மாலை போட வேண்டும். போன வருஷம் மோட்டார் சைக்கிளுக்குப் போட்ட மாலை பாதி வழியில் கழன்று சக்கரத்தில் சிக்கியது நினைவுக்கு வந்தது. விஞ்சில் மாலை மாட்டுவதற்கென்றே செய்ததுபோல ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மாலையை மாட்டி, ராஃபியா என்னும் பிளாஸ்டிக் கயிற்றால் கம்பியையும் மாலையையும் விட்டத்தோடு சேர்த்து இறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டேன். (எதற்கும் மூன்று முடிச்சுதான் நமக்குத் திருப்தி.)

கீழே இறங்கியதும் ரம்பத்தை எடுத்து ஏணியை அறுத்தேன். "இனிமே உனக்கு இது வேணாம்" என்றேன். வசந்திக்குக் கண் கலங்கியது. பாசத்தில் என்று நினைத்தேன். "நல்ல ஏணிங்க அது" என்றாள்.

தேங்காய் உடைத்தாயிற்று. "முதல்ல மூட்டைய மட்டும் அனுப்பிப் பாருங்க" என்றாள் வசந்தி. சந்திரன் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மூட்டையைத் தட்டில் வைத்து, பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன். அப்போது என் எடை தொண்ணூற்று நான்கு.

"என்னங்க, ஆள் ஏறக்கூடாதுன்னு பாய் சொன்னாருல்ல?"

"நானூறு கிலோ தூக்கும்மா" என்று, கையோடு கொண்டு ஏறிய ஒயர் பித்தானை அழுத்தினேன். தட்டு அழகாக மேலே போனது. பரணை நெருங்கும்போது சந்திரனைப் பார்த்து, "இப்பப் பாருங்க தம்பி, விரல எடுக்கவே மாட்டேன். தானா நிக்கும்!" என்றேன்.

நிற்கவில்லை.

பரணைத் தாண்டிப் போனது. கொக்கி விஞ்சில் போய் முட்டியது. ஒரு பயங்கரமான சத்தம். ஒரு பக்கத்துச் சங்கிலி கழன்றது, தட்டு சாய்ந்தது, மூட்டை கீழே விழுந்து வெடித்தது. மின்சாரமும் நின்றுபோனது. புழுதி அடங்கியபோது நான் இரண்டு கையாலும் விட்டத்தைக் கட்டிப்பிடித்து, ஒற்றைக் காலைச் சாய்ந்த தட்டின் விளிம்பில் ஊன்றியிருந்தேன். என் வேட்டி மூட்டையோடு போய்விட்டது. நல்லவேளை, உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது. அதில் சின்னச் சின்ன மாம்பழப் படம் போட்டிருக்கும்.

"அண்ணே, ஏணி எங்கண்ணே?" என்று சந்திரன் கத்தினான்.

கீழே கிடந்த நான்கு துண்டுகளைக் கண்ணால் காட்டினேன்.

வசந்தி கத்தவில்லை, அழவில்லை. "கைய விடாதீங்க. கீழ பாக்காதீங்க. மூச்ச மட்டும் விட்டுக்கிட்டு இருங்க" என்றாள். பிறகு சந்திரன் பக்கம் திரும்பி, "லாரிய இங்க கொண்டாந்து நிறுத்துங்க தம்பி. பரணுக்கு ஏத்த வச்சிருக்குற மூட்டையெல்லாம் அதுமேல படி மாதிரி அடுக்கணும்" என்றாள். ஆடு ஏற்ற வந்தவன் அரைமணி நேரம் மூட்டை ஏற்றினான். எது எங்கே, எந்தப் பக்கம் அகலம் வேண்டும் என்று அவள் கைகாட்டிச் சொல்லச் சொல்ல, என் காலுக்குக் கீழே ஒரு படிக்கட்டு எழும்பியது. அந்த நடுக்கத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

படிக்கட்டில் முதலில் ஏறியது எங்கள் கிடா மைனர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விஞ்சிலிருந்து தொங்கிய மாலையைத் தின்ன ஆரம்பித்தது. பூவெல்லாம் போனதும் உள்ளே இருந்தது தெரிந்தது. அசைய முடியாமல் கட்டப்பட்ட கம்பி, ராஃபியா கயிறு, மூன்று முடிச்சு.

கீழேயிருந்து வசந்தி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் மூட்டை மூட்டையாக உட்கார்ந்தபடியே இறங்கி வந்தேன். தரையைத் தொட்டதும் அவள் என் கை கால்களைத் தடவிப் பார்த்தாள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. "ஓடலம்மா. சந்திரன்கிட்ட குடுத்துடு" என்றேன்.

சந்திரன் லாரியின் பின்கதவைப் பார்த்தான். வசந்தி மேலே, விஞ்சைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தி நாலு கிலோ ஆளு. கரண்டும் இல்ல. அரைமணி நேரம் அந்தத் தட்ட விடாம புடிச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றாள். "இதுக்கு மேல என்ன டெஸ்ட் வேணும்? சாமான்ல ஒரு தப்பும் இல்ல. ஆடு விக்கல, தம்பி. சாப்பிட்டுட்டுப் போங்க."

மறுநாள் பாய் வந்து, நசுங்கிய கயிற்றை மாற்றி, கம்பியைச் சோதித்துவிட்டுப் போனார். இன்று வசந்தியிடம் அறுபத்தொரு ஆடுகள் இருக்கின்றன. மூட்டைகள் மேலே போகின்றன, 'டக்' என்று நிற்கின்றன. பித்தான் அவள் கையில்தான். விசேஷ வீடுகளில் நான் பேச ஆரம்பித்து யாராவது நெளிந்தால், "விடுங்க லா, தானா நிக்கும்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். சந்திரன்தான் அதிகமாகச் சிரிப்பான்.

ஆயுதபூஜைக்கு இப்போதெல்லாம் விஞ்சுக்கு ஒரு சந்தனப் பொட்டு மட்டும்தான். அதற்கென்று வாங்கும் மாலையை வசந்தி என் கழுத்தில் போட்டு, கொட்டகைக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எனக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் பித்தானை அழுத்துவாள்.