மேலாற்றுக்குப் போன கோட்டு

நான் எதையும் இரண்டு முறை யோசித்துச் செய்பவள். ரங்கூனில் அலோன் பேட்டை ஆற்றங்கரையில் அந்தத் தேக்குக் கட்டையை அவிழ்த்துவிட்டபோதும் இரண்டு முறை யோசித்தேன். இரண்டு முறையும் ஒரே தப்பைத்தான் யோசித்திருக்கிறேன்.

ரங்கூனுக்கு வந்த புதிது. என் கணவர் மர ஆலையில் தற்காலிகக் குமாஸ்தா. மறுநாள் துரை முன்னால் போய் நின்றால் வேலை நிரந்தரமாகலாம். இருந்த ஒரே கோட்டின் தோளில் எங்கள் மகள் பால் கக்கியிருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ஆற்றுச் சேற்றில் பெரிய கட்டை ஒன்று, முளையில் கட்டிக் கிடந்தது. மேற்காட்டில் மரத்தை நிற்கவைத்தே உலர்த்தி, வெட்டி, யானையால் ஓடையில் தள்ளி, வெள்ளத்துக்குக் காத்திருந்து, தெப்பமாகக் கட்டி இங்கே கொண்டுவர வருஷக்கணக்காகும் என்று அவர் சொல்லியிருந்தார். யானை தள்ளுகிற கட்டைக்குக் கயிறு எதற்கு? அதை அவிழ்த்துக் கொடி கட்டிப் பிள்ளைத் துணிகளைக் காயப்போட்டேன். கோட்டை அலசிக் கட்டைமேல் விரித்தேன். (கொடி கனம் தாங்காதே என்று கவலை.)

பால் கொடுத்துவிட்டு வந்தால் சேற்றையே காணோம். தண்ணீர் ஏறியிருந்தது. கட்டை நடு ஆற்றில். பிள்ளையை இடுக்கிக்கொண்டு கடல் இருக்கும் திசையில் ஓடினேன்.

"அக்கா, அங்கிட்டு இல்லே!" என்று பக்கத்து வீட்டு மா டின் கத்தினாள். (அப்பா தமிழர், அம்மா பர்மியர்.)

"ஆறு கடலுக்குத்தானே போகும்!" (பூகோளத்தில் பரிசு வாங்கியவள் நான்.)

"ஆறு எங்க வேணும்னாலும் போவட்டும். கோட்டு இங்கிட்டுல்ல போவுது!"

கடல் பொங்கும் நேரத்தில் ரங்கூன் ஆறு திரும்பி மேலே ஓடும் என்பது பரிசு கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது.

ஆற்றின் மேலே இருந்தது என் கணவரின் ஆலை. கை விரித்து மல்லாந்து வந்த கோட்டைப் பார்த்து, "பொணம்! பொணம்!" என்று கூலிகள் கொக்கிக் கழி போட்டு இழுத்தார்களாம். துரையே இறங்கி வந்துவிட்டார். விவரம் எழுத என் கணவரைத்தான் கூப்பிட்டார்கள்.

"இந்தக் கோட்டு யாருடையது?" என்று துரை கேட்டாராம்.

"என்னுடையதுதான், துரை. வீட்டில் காயப்போட்டிருந்தார்கள்."

"கட்டை?"

"அது உங்களுடையது."

மறுநாள் ஈரக் கோட்டோடு போனார். வேலை நிரந்தரமாயிற்று. அலுவலக நாற்காலியில் அல்ல, ஆற்றங்கரையில். கட்டைகளின் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்து வரும் வேலை. மழையில் நிற்பவருக்குக் கோட்டே வேண்டியிருக்கவில்லை.

அன்று இடுப்பில் இருந்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கடைத்தெருவில் நான் 'இந்தப் பக்கம்' என்று கை காட்டினால், தகப்பனும் மகளும் எதிர்ப்பக்கம் திரும்பி நடக்கிறார்கள். பெரும்பாலும் கடை அங்கேதான் இருக்கிறது.